வானவழி வாணிகம் – 9: வேலூர் நிரப்பும் இருக்கைகள்

எண்ணெய் விலை ஏறுகையில் விமானக் கம்பெனிகள் படும் பாட்டைச் சென்ற வாரம் பார்த்தோம். விலையேற்றமாவது ஓரளவு முன்கூட்டி ஊகிக்கத்தக்கது. பிரயாணிகளின் காரியம் திசை மாறுவதோ சில சமயம் ஒரே இரவில் நேர்ந்துவிடுகிறது. ராணிப்பேட்டையிலோ பேரணாம்பட்டிலோ டேனரி வைத்திருப்பவர், விலை படியாதபோது வெட் புளூ என்னும் பாதி பதனிட்ட தோலைக் கிடங்கில் அடுக்கிவைத்து, நல்ல காலம் வரும்வரை பொறுத்திருந்து விற்கலாம். விமானத்தின் கதவு சாத்தப்பட்ட கணத்தில் காலியாக நின்ற இருக்கையை எந்தக் கிடங்கிலும் வைக்க முடியாது. ஆகவே யார், எதன் பொருட்டு, எவ்வூர் நோக்கிப் போகிறார்கள் என்பதே அத்தொழிலின் ஜீவநாடி. அதை அறிய, பிரயாணிகள் விமானம் ஏற இடமே இல்லாத வேலூர், ஆம்பூர் வட்டாரத்தைப் போல் உகந்த இடம் வேறில்லை என்பது என் எண்ணம்.

1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் ஒரே படுக்கையோடு தொடங்கிய வைத்தியசாலை, இன்று சி.எம்.சி. என்ற பெயரால் வங்க நாடெங்கும் அறியப்படுகிறது. அதன் வாசலை ஒட்டிய தெருக்களில் நடப்பவர், லாட்ஜுகளின் பெயர்ப்பலகைகளிலும் மருந்துக்கடை முகப்புகளிலும் தமிழுக்கு அருகே வங்க எழுத்தைக் காண்பார்; பல அறைகளில் கட்டிலோடு அடுப்புக்கும் இடம் உண்டு, ஏனெனில் வந்தவர்கள் இரண்டு நாளில் திரும்புகிறவர்கள் அல்லர்; பரிசோதனை, அதன் முடிவுக்குக் காத்திருத்தல், சிகிச்சை, மறு பரிசோதனை என்று வாரங்கள் ஓடும்; அதுவரை அவர்கள் மீனும் அரிசியும் வாங்கிவந்து தம் நாட்டு முறையில் சமைத்துக்கொண்டு, வேலூரிலேயே ஒரு சிறு குடித்தனம் நடத்துவார்கள். பங்களாதேஷிலிருந்து வருவோரில் பலர் நெடுங்காலம் கல்கத்தாவை அடைந்து, அங்கிருந்து ரயிலேறிக் காட்பாடியில் இறங்கினார்கள். 2019ஆம் ஆண்டில் யு.எஸ்-பங்களா ஏர்லைன்ஸ் டாக்காவிலிருந்து சிட்டகாங் வழியாகச் சென்னைக்கு விமானம் விடத் தொடங்கியது. கடற்கரை காண்பதற்கென்று அந்த விமானத்தில் வந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? நோயாளி என்ற பிரயாணியிடம் விமானக் கம்பெனி விரும்பும் குணங்கள் பல உண்டு: அவர் தனியே வருவதில்லை, துணைக்கு ஒருவரோ இருவரோ வருவர், தீபாவளி, கோடை விடுமுறை என்று பருவம் பார்ப்பதில்லை, மறு பரிசோதனைக்கு மீண்டும் வருவார். பிறர் நோயை நம்பி ஒரு வணிகமா என்று முகம் சுளிப்பவர்கள், அந்நோயாளிகளுக்கு அது நாட்கணக்கான அலைச்சலைத் தவிர்த்த வழி என்பதையும் நினைக்கவேண்டும்.

2024 ஆகஸ்ட் 5ஆம் தேதி டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தது. இந்திய விசா அலுவலகங்கள் மூடப்பட்டன. பின்னர் திறந்தபோதும் அவசர வைத்தியத்துக்கென்று அளந்தே விசா தரப்பட்டது. முந்திய 2023ஆம் ஆண்டில் பங்களாதேஷ் மக்களுக்கு 16 லட்சத்துக்கு மேல் இந்திய விசாக்கள் வழங்கப்பட்டிருந்தன என்றால், அறுபட்ட ஓட்டத்தின் பரிமாணம் விளங்கும். டாக்காவிலிருந்து இந்தியாவுக்குப் பறந்த கம்பெனிகள் தம் விமானங்களைக் குறைத்தன. நோவோ ஏர் கல்கத்தா சேவையையே நிறுத்திவைத்தது. நோய் மட்டும் விசாவுக்காகக் காத்திருக்குமா? 2025 மார்ச் மாதம் பங்களாதேஷ் நோயாளிகளின் முதற்குழு சீனத்துக் குன்மிங் நகருக்குச் சிகிச்சைக்காகப் பறந்தது; வசதியுள்ளோர் பாங்காக் சென்றனர். தேவை அழியவில்லை, கிழக்கே திரும்பிற்று. வேலூரில் அறைகள் காலியாகக் கிடந்த நாட்களில் வேறு நாட்டு விமானங்கள் நிரம்பின.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் ஊர்களிலிருந்து புறப்படும் ஹஜ் யாத்ரீகரின் கணக்கு முற்றிலும் வேறு. விசேஷ விமானம் ஜித்தாவுக்கோ மதீனாவுக்கோ நிறைந்து போகும். வரும்போது ஆளின்றி வரும். யாத்திரை முடிந்தபின் இதுவே தலைகீழாக நடக்கும். இரு வழிக்கும் எரிபொருள் செலவை ஒரு வழிப் பிரயாணியே சுமப்பதால் கட்டணம் ஏறுகிறது. அரசாங்கம் அளித்துவந்த மானியமும் 2018இல் நின்றுவிட்டது. மேலும், பிறைக் கணக்கால் ஹஜ் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே நகர்வதால், விமானக் கம்பெனி எந்த மாதத்துக்கும் நிரந்தரமாகத் திட்டம் வகுக்க இயலாது. கொள்ளைநோயின் காரணமாக 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் வெளிநாடுகளிலிருந்து செல்வோர் எவருக்கும் அனுமதியில்லை. 2022இல் அனுமதி கிடைத்தபோது புறப்பாட்டு நகரங்களின் பட்டியலிலிருந்து சென்னை நீக்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டு யாத்ரீகர்கள் முதியோரையும் அழைத்துக்கொண்டு கொச்சிக்குப் போய் விமானம் ஏறினார்கள். அடுத்த ஆண்டுதான் அந்த அநியாயம் நீங்கியது.

இனி, இவ்வட்டாரத்துக்குப் பெயர் தேடித்தந்த காலணிக்கு வருவோம். ஆம்பூரில் தைத்த ஷூக்களில் பெரும்பகுதி கப்பலில்தான் போகிறது. தோல் தாமதமாக வந்தோ, லைனிங் நிறம் மாறியோ தேதி தவறினால், "ஏர்ல போட்டுடுங்க" என்று ஐரோப்பிய வாடிக்கையாளரிடமிருந்து கடல் கடந்து ஓர் உத்தரவு வரும். அந்தச் செலவு பெரும்பாலும் ஏற்றுமதியாளர் தலையில். அட்டைப்பெட்டிகள் அப்போது தஞ்சம் புகுவது பிரயாணி விமானத்தின் அடிவயிற்றில். உலகின் வான்வழிச் சரக்கில் ஏறக்குறைய பாதி, பிரயாணிகளின் காலடியில் கிடந்தே சென்றுகொண்டிருந்தது. 2020 மார்ச் மாதம் பிரயாணிகள் நின்றதும் அந்த இடமும் மறைந்து, சரக்குக் கட்டணம் பன்மடங்கு ஏறிற்று. லுஃப்தான்சா போன்ற கம்பெனிகள் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, மனிதர் அமர்ந்த இடத்தில் பெட்டிகளை அடுக்கிப் பறந்தன. மேலே அமர்பவர் குறைந்தால் கீழே கிடக்கும் ஷூவுக்குக் கூலி கூடும் என்ற உண்மையை அவ்வாண்டில் ஆம்பூர்த் தொழிற்சாலைகளின் ஷிப்பிங் குமாஸ்தாக்கள் நன்கு அறிந்துகொண்டார்கள்.

வேலூரை அடுத்த அப்துல்லாபுரத்தில் பழைய விமானத்தளத்தை, சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் உதான் திட்டத்தின் கீழ்ச் செப்பனிட்டு, 19 பேர் அமரும் சிறு விமானங்களுக்கென்று தயார் செய்தார்கள். பெரிய விமானம் தேடும் ஹஜ் யாத்ரீகருக்கோ, சரக்கிடம் தேடும் ஷூ பெட்டிக்கோ, டாக்கா நோயாளிக்கோ அதனால் ஆவது மிகச் சொற்பம். ஆம்பூர் முதலாளிக்குச் சென்னையின் மீனம்பாக்கமும் பெங்களூரின் தேவனஹள்ளியும் தூரத்தில் பெரிதாக வேறுபடாதவை. ஐரோப்பாவுக்கு நல்ல விமானம் எங்கே உண்டோ அங்கே அவருடைய கார் திரும்பிவிடும். வேலூருக்கு விமானம் வேண்டுமென்று மனுப்போடும் பெரியோர்கள், டாக்காவில் வைத்திய விசா தடையின்றிக் கிடைக்கவும், சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கு நேர்விமானங்கள் பெருகவும் முதலில் மனுப்போடுவார்களாக.