மேலே வரும் மீனுக்குக் கீழே இறங்குவானேன்?
கம்பம்மெட்டு படுதாக் குளத்தங்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

கம்பம்மெட்டு:

ஞாயிற்றுக்கிழமை மாலை மணி நான்கு. ஏலத் தோட்டங்களில் வேலை இல்லை. கம்பத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரும் தொழிலாளர் ஜீப்புகளின் இரைச்சலும் இல்லை. சோதனைச் சாவடியைத் தாண்டிக் கேரளப் பக்கம் சற்று தூரம் நடந்தால், சரிவில் ஒரு குளம். அதன் கரையில் நம்மவர்கள் ஐந்தாறு பேர் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள்.

குளம் என்றதும் கம்பம் பள்ளத்தாக்கில் நாம் பார்த்துப் பழகிய கண்மாயையோ ஊருணியையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். இது படுதாக் குளம். மண்ணைத் தோண்டி, அடியிலும் பக்கங்களிலும் கெட்டியான பிளாஸ்டிக் படுதாவை விரித்து, அதில் மழைத் தண்ணீரைத் தேக்கி வைப்பது. மழை ஓய்ந்து தை பிறந்துவிட்டால் சித்திரை வரை ஏலச் செடிக்கு நீர் ஊற்றியாக வேண்டும். மலைச் சரிவில் வெறும் மண் குளத்தில் தண்ணீர் நிற்பது கடினம். அதனால்தான் இடுக்கி மாவட்டத்தில், குறிப்பாக உடும்பன்சோலை வட்டாரத்தில், எந்த மேட்டில் நின்று பார்த்தாலும் நீலமும் கறுப்புமாக இந்தப் படுதாக் குளங்கள் கண்ணில் படுகின்றன.

தண்ணீர் சும்மா கிடக்கிறதே என்று அதில் மீனை விட்டார்கள். திலேப்பியா, கட்லா, ரோகு, இவற்றோடு அசாம் வாளை. அன்று நான் பார்க்கப் போனது இந்தக் கடைசி மீனைத்தான்.

அசாமில் பிறக்காத அசாம் வாளை

பெயர்தான் அசாம் வாளை. பூர்வீகம் தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் நாடுகளில் ஓடும் ஆறுகள். 1990-களில் வங்காளதேசம் வழியாக மேற்கு வங்காளத்துக்கு வந்தது. பிறகு ஆந்திராவில் பெருவாரியாக வளர்க்கப்பட்டு நாடெங்கும் பரவியது. ஓட்டல்களில் முள் இல்லாத துண்டாக ‘பாசா’ என்று கொடுப்பதும் இதையே. நம் ஆறுகளில் உள்ள வாளைக்கும் இதற்கும் நேர் உறவு கிடையாது. ஆனால் இரண்டும் செதில் இல்லாத, மீசை வைத்த கெளுத்திக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான்.

கெளுத்தி என்றால் சேற்றைத் துழாவி அடியில் மேயும் மீன் என்பது நம் எண்ணம். அசாம் வாளை அப்படிக் கட்டுப்பட்டதல்ல. பண்ணைகளில் இதற்குப் போடும் தீவனம் மிதக்கும் ஜாதி. காலையும் மாலையும் மிதக்கும் தீவனத்தைத் தின்றே வளர்வதால், தீவனம் போடும் நேரம் வந்தால் மேலே வந்து காத்திருக்கப் பழகிவிடுகிறது. தினமும் தீவனம் போடுகிறவரின் காலடி அரவத்துக்கே கூட்டம் கூடிவிடும் என்று தோட்டக்காரர்கள் சொல்கிறார்கள்.

கரையில் இருந்தவர்களில் மூத்தவர் ஒரு மேஸ்திரி. உத்தமபாளையம் பக்கத்துக்காரர். முப்பது வருஷமாக இந்த மலையில் இருக்கிறவர். குளத்துக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு, பிடிக்கிற மீனுக்கு எடை போட்டுக் காசு கொடுப்பதாகப் பேசிவிட்டுத்தான் ஆட்களை அழைத்து வந்திருந்தார். “கேக்காம தூண்டி போட்டா அது மீன் பிடிக்கிறது இல்ல தம்பி, திருட்டு” என்றார். அது சரியான பேச்சு.

மூன்று வகை எழுச்சி

தண்ணீருக்கு மேல் மீன் வந்தால் எல்லாம் இரைக்குத்தான் என்று நினைத்துவிடக் கூடாது என்பது அவர் சொல்லித் தந்த முதல் பாடம்.

ஒன்று, இரைக்கு வருவது. மேல் நீரில் சுழி விழும். முதுகு தெரியும், வால் அடிக்கும், அந்த இடத்திலேயே மறுபடி சுழி விழும். இதுதான் தூண்டில்காரனின் நேரம்.

இரண்டாவது, மூச்சுக்கு வருவது. அசாம் வாளைக்குக் காற்றையும் கொஞ்சம் விழுங்கி மூச்சு விடத் தெரியும். விருட்டென்று மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு கீழே போய்விடும். அதன் மேல் தூண்டிலை வீசிப் பயனில்லை.

மூன்றாவது, திணறி வருவது. விடியற்காலையில் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றால், தண்ணீரில் பிராணவாயு குறைந்துவிட்டது என்று பொருள். அப்போது தூண்டிலைக் கீழே வைத்துவிட்டுக் குளத்துக்காரரிடம் ஓடிச் சொல்ல வேண்டும். தீவனத்தை நிறுத்தி, மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை மேலிருந்து கொட்டச் செய்தால் மீன் பிழைக்கும்.

இன்னொரு விஷயம். இது வெப்பம் விரும்பும் மீன். 26 முதல் 30 டிகிரி வரை சூடுள்ள தண்ணீரில்தான் நன்றாகத் தின்று வளரும். இந்த மலையின் மார்கழிக் குளிரில் இரை எடுப்பது குறைந்துவிடும். ஆகவே பங்குனி, சித்திரையில், வெயில் அடித்து ஓய்ந்த மாலை நேரமே தோதானது.

தூண்டில் கட்டும் விதம்

செலவு அதிகம் இல்லை. ஒன்பது, பத்து அடி மூங்கில் கம்பு. கெட்டியான தங்கூசி நரம்பு. சுண்டுவிரல் நக அகலத்துக்கு முள். ஒரு தக்கை. ஈயம் வேண்டாம், ஈயம் கட்டினால் இரை அடிக்குப் போய்விடும். நமக்கு அது மேலேயே நிற்க வேண்டும். தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவே அரை அடி முதல் ஒரு அடி நரம்பு போதும்.

இரை? பண்ணைத் தீவனம் நனைந்தால் முள்ளில் நிற்காது. ரொட்டியின் பழுப்பு ஓரம் நிற்கும், மிதக்கவும் செய்யும். நம்மவர்கள் கண்டுபிடித்த இரை பரோட்டா! முதல் நாள் பரோட்டாவைப் பிய்த்து முள்ளில் மடித்துக் குத்தினால் எளிதில் கழன்று போவதில்லை. கோழிக் குடலும் எடுக்கும்.

முதலில் ஒரு பிடி தீவனத்தைத் தூவி, மீன் கூடி உண்ணத் தொடங்கும் வரை பேசாமல் இருக்க வேண்டும். அசாம் வாளை மிரளும் ஜாதி. ஒரு தகர டப்பா உருண்டாலும் மொத்தக் கூட்டமும் அடியில் போய்விடும். சுழி விழத் தொடங்கியதும் இரையை நடுவில் போடாமல், கூட்டத்தின் ஓரத்தில் மெல்ல இறக்க வேண்டும். தக்கை ஆடியவுடன் இழுக்கக் கூடாது. அது பக்கவாட்டில் ஓடத் தொடங்கும்போது கம்பை உயர்த்தினால் முள் ஏறிவிடும்.

ஏறிய பிறகுதான் வேடிக்கை. கிலோ, ஒன்றரைக் கிலோ மீன்கூட கம்பை வில்லாக வளைத்துவிடும். விட்டுப் பிடித்து, களைத்த பின் கரையோரம் கொண்டுவந்து, நீளக் காம்புள்ள கைவலையில் அள்ள வேண்டும். கம்பாலேயே தூக்கினால் நரம்பு அறும். முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் முள் உண்டு. அவற்றின் பின்னால் பிடிக்க வேண்டும்.

ஒரு கால் உள்ளே!

இந்த இடத்தில்தான் அன்று என் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது.

தேவாரத்திலிருந்து வந்த பையன் ஒருவன். இருபது வயதிருக்கும். வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவன் தூண்டிலில் பெரிய மீன் ஒன்று மாட்டி, கம்பையே கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. கம்பு கரையிலிருந்து நாலு அடி தூரத்தில் மிதந்தது. எட்டிவிடும் தூரம் போலத்தான் தோன்றியது. பையன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு படுதாவின் மேல் ஒரு காலை வைத்தான்.

மேஸ்திரி பாய்ந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இருவரும் கரையிலேயே விழுந்தார்கள். பையனின் ஒரு செருப்பு மட்டும் படுதாவில் சறுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போனது.

“ரெண்டு எட்டுதானே பெரியப்பா” என்றான் பையன்.

“போன மழைக்கு ஒரு காட்டுப் பன்னி இதுல விழுந்துச்சுடா. நாலு காலு இருந்தும் அதால ஏற முடியல. உனக்கு ரெண்டு காலு. மீனு தானா மேல வருது. நாம எதுக்குடா கீழ போகணும்?”

அந்தப் பெரியவர் சொன்னதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆனாலும் காரணத்தைப் புரிந்துகொள்வது நல்லது. கண்மாயில் கால் வைத்தால் மண் இருக்கிறது, படி இருக்கிறது, பிடிக்கக் கோரைப் புல் இருக்கிறது. படுதாக் குளத்தில் அப்படி எதுவும் இல்லை. பக்கங்கள் செங்குத்தாக இறங்குகின்றன. படுதா மேல் பாசி படிந்து வழவழப்பாக இருக்கும். விழுந்தவன் எத்தனை முறை ஏறினாலும் அத்தனை முறையும் சறுக்குவான். நீச்சல் தெரிந்தவனும் களைத்துப் போவான். காப்பாற்றக் குதிக்கிறவனுக்கும் அதே கதிதான். படுதாக் குளத்தில் விழுந்து குழந்தைகளும் தொழிலாளர்களும் இறந்த செய்திகளை இந்த மாவட்டத்திலிருந்து நாம் பலமுறை படித்திருக்கிறோம்.

ரயில் மேடையில் மஞ்சள் கோடு போட்டிருப்பது எதற்கு என்று நாள்தோறும் பயணிகளுக்குச் சொல்லும் இடத்தில் வேலை பார்ப்பவன் நான். படுதாவின் விளிம்பும் அப்படி ஒரு கோடுதான்.

ஒருவர் விழுந்துவிட்டால் பின்னால் குதிக்க வேண்டாம். கயிறு, கைலி, நீளக் கம்பு, எதுவானாலும் எறிந்து பிடிக்கச் சொல்லுங்கள். மூடி போட்ட காலி பிளாஸ்டிக் கேன் ஒன்று மனிதனை மிதக்க வைக்கும். இழுப்பவர் கரையில் குப்புறப் படுத்து இழுக்க வேண்டும். நின்று இழுத்தால் இருவரும் உள்ளே போவார்கள். விழுந்தவர் சரிவில் ஏற முயன்று பலத்தைச் செலவிடாமல், மல்லாந்து மிதந்தபடி குரல் கொடுக்க வேண்டும்.

மீசையை எண்ணுங்கள்

பையனின் கம்பைக் கயிற்றில் கல் கட்டி வீசி மீட்டார்கள். மீனும் இன்னும் முள்ளிலேயே இருந்தது! ஒன்றரைக் கிலோ. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வேறொரு தோட்டத்துக் குளத்தில் கிடைத்தது என்று ஒருவர் வாளியில் கொண்டுவந்த கறுப்பு மீனைக் காட்டினார். ஓடையில் விட்டால் பெருகுமே என்பது அவர் எண்ணம்.

மேலே வந்து காற்றுக் குடிக்கும் கெளுத்தி எல்லாம் ஒன்றல்ல. அசாம் வாளைக்கு மீசை நான்கு, முதுகுத் துடுப்பு சிறியது. வாளியில் இருந்ததற்கு மீசை எட்டு, தட்டையான அகலத் தலை, கழுத்திலிருந்து வால் வரை நீண்ட முதுகுத் துடுப்பு. ஆப்பிரிக்கக் கெளுத்தியின் அடையாளம் இது. நம் நாட்டு முஷிக்கும் ஏறக்குறைய இதே சாயல் உண்டு என்பதால் தெரிந்தவரிடம் காட்டிக் கேட்பது நல்லது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க 2000-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை விதித்தது. கிடைத்த சிறு மீனையெல்லாம் தின்றுவிடும். கெட்ட தண்ணீரிலும் வாழும். ஈரத் தரையில் ஊர்ந்து அடுத்த நீருக்குப் போகவும் செய்யும். தேக்கடி ஏரியிலும் இது நுழைந்துவிட்டது. 1941-இல் அறிவியல் பெயர் சூட்டப்பட்ட ஒரு மீன் உட்பட, பெரியாற்றுப் பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத சில மீன்கள் அங்கே இருக்கின்றன. போன உயிரினத்தைத் திரும்பக் கொண்டுவர எந்த அரசாலும் ஆகாது. ஆகவே ஆப்பிரிக்கக் கெளுத்தியானாலும் அசாம் வாளையானாலும், பிடித்ததை உயிரோடு ஓடையில் விடாதீர்கள்.

இருட்டும் முன் ஐந்து மீன்கள் எடை போடப்பட்டன. உப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வழவழப்பை எடுத்தார்கள். கொழுப்புள்ள மீன், பொரிக்க அதிக எண்ணெய் வேண்டாம். லயத்தில் அன்று புளிக்குழம்பு மணத்தது.

கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். மேஸ்திரியும் அந்தப் பையனும் கரையிலிருந்த மரத்தில் கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முழத்துக்கு ஒரு முடிச்சு. கயிற்றின் முனையில் ஒரு காலி கேன். உங்கள் தோட்டத்துக் குளத்திலும் அப்படி ஒரு கயிறு தொங்குகிறதா என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். இல்லையென்றால் முதலில் கயிறு, பிறகு தூண்டில்.