வெயிட் குறைஞ்சாச்சு... டாப்ஸ் மட்டும் ஏன் டைட்டு?

காலையில் கிரவுண்டைச் சுற்றி நடந்து, ஹாஸ்டல் பூரியைத் தியாகம் பண்ணி, ராத்திரி பரோட்டாவுக்கு டாட்டா சொல்லி... ஒருவழியாக எட்டு, பத்து கிலோ குறைச்சுட்டீங்களா? முதல்ல கையைக் குடுங்க, கங்கிராட்ஸ்!

அடுத்து என்ன? ரங்கநாதன் தெருவோ, விளக்குத்தூணோ, கிராஸ்கட் ரோடோ... ஒரு ஷாப்பிங்! ‘எக்ஸ்.எல்.’ தொங்குகிற பக்கத்தை ஸ்டைலாகத் தாண்டிப் போய், ‘எம்’ சைஸ் குர்த்தியை எடுத்துக்கொண்டு ட்ரையல் ரூமுக்குள் நுழைகிறீர்கள். தோள் கச்சிதம். இடுப்பு கச்சிதம். மார்பு கிட்டே வந்ததும் துணி, ‘நான் வரமாட்டேன் போ’ என்று அடம்பிடிக்கிறது. சரி என்று ‘எல்’ போட்டால் மார்புக்குச் சரி, தோள் இறங்கித் தொங்குகிறது. இடுப்பில் இன்னொரு ஆள் நுழையலாம். கஷ்டப்பட்டுக் குறைத்த இடுப்பு எங்கே போச்சுன்னே தெரியலை!

இதை யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னால், “ஷாலை ஒழுங்காப் போடு”. ஃப்ரெண்டிடம் சொன்னால், “இன்னும் அஞ்சு கிலோ குறைடி, அதுவும் சரியாயிடும்”. கடைக்கார அண்ணனிடம் சொல்லவே முடியாது. கடைசியில் ரெக்கார்ட் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு காரிடாரில் நடக்கிற பெண்கள் எல்லா காலேஜிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த மேட்டர். பசங்களா, பக்கத்தைப் புரட்டிடாதீங்க. உங்க வீட்டிலும் தங்கச்சி இருப்பாங்க. கிண்டலைக் குறைக்க இந்த விவரம் உதவும்!

அங்கே மட்டும் ஏன் குறையலை?

மார்பகம் என்பது கொழுப்பும் சுரப்பித் திசுவும் கலந்தது. எது எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். உடம்பு எடை குறையும்போது கரைவது கொழுப்புதான். சுரப்பித் திசு அதிகம் இருப்பவர்களுக்கு மற்ற இடம் இளைத்தாலும் மார்பு அந்த அளவுக்கு இளைக்காது. சிலருக்கு முதலில் அங்கேதான் குறையும், சிலருக்குக் கடைசியில்தான். இதை முடிவு பண்ணுவது பரம்பரையும் ஹார்மோனும். நீங்க சாப்பிடுற இட்லியின் எண்ணிக்கை இல்லை.

‘இந்த இடத்தில் மட்டும் குறைக்கிற’ எக்சர்சைஸ் என்று எதுவும் கிடையாது. புஷ்-அப் எடுத்தால் மார்பகத்துக்கு அடியில் இருக்கிற தசை வலுவாகும், அவ்வளவுதான். அதனால் “இன்னும் அஞ்சு கிலோ” என்று மதியச் சாப்பாட்டையும் கட் பண்ணிவிட்டு லேபில் மயங்கி விழ வேண்டாம். ஏற்கெனவே சரியான எடைக்கு வந்துவிட்ட உடம்புக்கு இனி வேண்டியது சாப்பாடும், அதற்கு ஏற்ற துணியும்தான்.

முதல்ல ஒரு இன்ச் டேப்

புது டாப்ஸ் வாங்குவதற்கு முன் மாற்ற வேண்டியது உள்ளாடை. பழைய பிராவையே கடைசி ஹூக்கில் இழுத்து மாட்டிக்கொண்டு, மேலே எத்தனை விலையில் குர்த்தி போட்டாலும் அது ஒழுங்காக உட்காராது.

அளப்பது ஈஸி. மார்புக்குக் கீழே, விலா எலும்பைச் சுற்றி டேப்பை இறுக்கமாகப் பிடித்து ஒரு அளவு. மார்பின் நிறைந்த பகுதியைச் சுற்றி, அழுத்தாமல் இன்னொரு அளவு. முதல் அளவு பேண்ட் நம்பர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கப். 1 இன்ச் என்றால் ஏ, 2 என்றால் பி, 3 என்றால் சி, 4 என்றால் டி. சில கம்பெனிகள் முதல் அளவோடு 4, 5 இன்ச் கூட்டிக் கணக்குப் போடுவார்கள். அதனால் ஒவ்வொரு பிராண்டுக்கும் அதன் சார்ட்டைப் பார்த்து, முடிந்தால் போட்டுப் பார்த்து வாங்கணும்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. முன்னாடி கீழே 36, மேலே 38. வித்தியாசம் 2. சைஸ் 36 பி. எடை குறைந்த பிறகு கீழே 32, மேலே 36. வித்தியாசம் 4. சைஸ் 32 டி! “ஐயையோ, குறைச்சதுக்கு அப்புறம் பி-யிலிருந்து டி-யா?” என்று அலற வேண்டாம். 36 பி, 34 சி, 32 டி மூன்றிலும் கப்பின் கொள்ளளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். மாறியது விலா அளவு. எழுத்து ஏறியது உங்க முதுகும் விலாவும் இளைத்ததற்கு ஆதாரம்!

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நம்ம ஊர்ப் பல கடைகளில் “32 குடுங்க” என்று நம்பரை மட்டும் சொன்னால் பெரும்பாலும் பி கப்தான் கைக்கு வரும். பேப்பரில் சுற்றி, கறுப்பு கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்து போட்டால் மேலே பிதுங்கும். உடனே 36-க்கே திரும்பிவிடுவோம். நம்பரோடு எழுத்தையும் சேர்த்துக் கேளுங்க. பெரிய ஜவுளிக் கடைகளில் இந்தப் பிரிவில் பெண்கள்தான் இருப்பார்கள், கூச்சம் வேண்டாம்.

வாங்கும்போது செக் பண்ண நாலே விஷயம். பின்பக்கப் பட்டி மேலே ஏறாமல் நேர்கோட்டில் இருக்கணும். பட்டிக்குள் இரண்டு விரல் நுழையணும், அதற்கு மேல் வேண்டாம். புதுசில் வெளி ஹூக்கில் பொருந்தணும், ஏன்னா எலாஸ்டிக் போகப்போக இளகும். தோள்பட்டையில் பள்ளம் விழக் கூடாது. எடையைத் தாங்க வேண்டியது கீழ்ப்பட்டி. தோள் வார் ஒத்தாசைக்குத்தான்.

துணி எங்கிருந்து தொங்குது?

மறைக்கணும் என்று தொளதொள டாப்ஸ் போடுகிறோம் இல்லையா? அதுதான் காலை வாருகிறது. துணி எப்போதும் உடம்பின் மிக உயர்ந்த புள்ளியிலிருந்து நேராகக் கீழே இறங்கும். மார்பிலிருந்து கூடாரம் மாதிரி இறங்கினால், உள்ளே இடுப்பு 28 ஆக இருந்தாலும் வெளியே பார்ப்பவருக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம். மார்புக்குக் கீழே ஒரு இடத்திலாவது துணி உடம்பைத் தொட வேண்டும். இந்த ஒரு விதி மனசில் இருந்தால் போதும், செலக்‌ஷன் பாதி முடிந்தது.

கழுத்து: ‘வி’ கழுத்து, முன்னால் சின்ன ஓப்பன் வைத்த காலர் நெக் இரண்டும் நல்லா இருக்கும். ஒரே பரப்பாகத் தெரிகிற இடத்தை நடுவில் பிரித்துக் காட்டும். ‘வி’ ஆழமாக இருக்கணும்னு அவசியமே இல்லை. கழுத்தை ஒட்டிய ஹை நெக், படகுக் கழுத்து, நெஞ்சில் ஃப்ரில், கனமான எம்பிராய்டரி, கண்ணாடி வேலைப்பாடு எல்லாம் அந்த இடத்தை இன்னும் அகலமாகக் காட்டும். பிடித்திருந்தால் போடுங்க, தெரிஞ்சு போடுங்க!

துணி: ரேயான், கிரேப், மென்மையான காட்டன் நன்றாக விழும். கஞ்சி போட்ட மொடமொட காட்டன் எழும்பி நிற்கும். மெல்லிய பனியன் துணி ஒட்டிப் பிடித்து ஒவ்வொரு தையலையும் காட்டிக் கொடுக்கும்.

மார்புக்குக் கீழே சுருக்கம் வைத்த எம்பயர் கட்: அந்தச் சுருக்கத் தையல் மார்பின் மேலேயே ஏறி உட்கார்ந்தால் வேண்டவே வேண்டாம். முழுசாகக் கீழே வந்தால் ஓகே.

சட்டை: பட்டனுக்கு நடுவில் வாயைப் பிளக்கிறதா? மார்புக்குச் சரியான சைஸை வாங்கி, இடுப்பைப் பிடித்துக்கொள்ளுங்க. பிளக்கிற இடத்தில் உள்பக்கம் ஒரு பிரஸ் பட்டன் தைத்தால் ஊக்கு தேவையில்லை. பையன்கள் உடம்புக்கு வெட்டின ஒர்க்‌ஷாப் காக்கி கோட்டுக்கும் இதே வைத்தியம்தான். லேத் பக்கத்தில் ஊக்கு குத்திக்கொண்டு நிற்பது சேஃப்டியும் இல்லை!

ஒரு ‘எம்’, ஆயிரம் உடம்பு

ரெடிமேட் ‘எம்’ என்பது ஒரே ஒரு விகிதம். மார்பு இவ்வளவு என்றால் தோள் இவ்வளவு, இடுப்பு இவ்வளவு என்று ஒரு சார்ட் வைத்து வெட்டுகிறார்கள். நம்ம நாட்டு உடம்புகளுக்கென்று ஒரு சைஸ் சார்ட் வேண்டும் என்றுதான் நிஃப்ட் நிறுவனம் ‘இந்தியா சைஸ்’ திட்டத்தைக் கையில் எடுத்தது. ஆறு நகரங்களில், 15 முதல் 65 வயது வரை 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளப்பது அந்தத் திட்டம். அளக்க ஆயிரக்கணக்கானவர்கள் தேவைப்படுகிறார்கள் என்றால், நம்ம ஒருத்தருக்கு ஒரு குர்த்தி சேரவில்லை என்பதில் வெட்கப்பட என்ன இருக்கு?

டெய்லர் அக்காகிட்ட என்ன சொல்லணும்?

ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினீயரிங் கிராஃபிக்ஸ் ஞாபகம் இருக்கா? வட்டத் தாளில் ஒரு துண்டை வெட்டி எடுத்து ஓரங்களை ஒட்டினால் கூம்பு வரும். டெய்லர்கள் பிடிக்கிற ‘டாட்’ அதே விஷயம்தான். தட்டையான துணியை வளைவான உடம்பில் உட்கார வைக்கிற டெக்னிக். பெரும்பாலான ரெடிமேட் குர்த்திகளில் முன்பக்கம் டாட் இருக்காது, அல்லது பேருக்கு இருக்கும். நிறைந்த மார்புக்கு அது போதாது. அதனால்தான் கைக்குழி ஓரத்தில் துணி மடிந்து சுருங்குகிறது.

அதனால் பொதுவான பார்முலா இது: மார்புக்குப் பொருந்துகிற சைஸை வாங்குங்க, மற்றதைப் பிடிக்கச் சொல்லுங்க. இடுப்பைப் பிடிப்பது எளிது, மார்பில் பிரித்து விடுவது கஷ்டம். ரெடிமேட் தையலுக்குள் அவ்வளவு துணி விட்டிருக்க மாட்டார்கள். சைடு தையலைப் பிடிக்கும்போது மார்புக்குக் கீழேயிருந்து தொடங்கச் சொல்லுங்க. பின்பக்கம் இடுப்பில் இரண்டு டாட் பிடித்தால் இன்னும் நல்லா உட்காரும். முன்பக்கம் இழுபடாது. அலமாரியில் மடித்து வைத்திருக்கிற பழைய ‘எக்ஸ்.எல்.’ டாப்ஸ்களில் பாதியை இப்படியே மீட்டுவிடலாம். தோள் ரொம்ப இறங்கினதை மட்டும் விட்டுடுங்க. அதைப் பிரித்துத் தைக்கிற கூலிக்குப் புதுசே தைத்துவிடலாம்.

டிரெடிஷனல் டேக்கு பிளவுஸா? தயவுசெய்து பழைய அளவு பிளவுஸைக் கொண்டுபோய் நீட்டாதீங்க. எடை குறையும்போது மார்பின் சுற்றளவு மட்டும் மாறுவதில்லை. இடமும் சற்று கீழே இறங்கியிருக்கலாம். பழைய அளவில் தைத்தால் டாட் முனை தப்பான இடத்தில் போய் நிற்கும். புது பிராவைப் போட்டுக்கொண்டு போய் நேரில் அளவு கொடுங்க. தோளிலிருந்து டாட் முனை வரை எவ்வளவு, இரண்டு முனைகளுக்கும் நடுவில் எவ்வளவு என்பதையும் கேட்டு எடுக்க வையுங்க. டாட், முனைக்கு ஒரு இன்ச் முன்னாலேயே முடியணும், இல்லைன்னா கூர்மையாகத் தெரியும். பிரின்சஸ் கட் கேட்டால் டாட்டெல்லாம் ஒரே நீளத் தையலாக மாறிவிடும். நிறைந்த மார்புக்கு அது நல்லா பொருந்தும். சைடில் ஒரு இன்ச் துணி உள்ளே விடச் சொல்ல மறக்காதீங்க.

சில காலேஜ்களில் ஷாலை இரண்டு பக்கமும் பின் குத்தியே ஆகணும். மடிப்பு மடிப்பாக நெஞ்சில் சேர்ந்தால் அந்த இடம் இன்னும் பருமனாகத் தெரியும். ஷிஃபான் மாதிரி மெல்லிய ஷாலாக எடுத்து, கொஞ்சமாக மடித்துப் போட்டால் ரூல்ஸும் காப்பாற்றப்படும், நீங்களும் நிம்மதி.

ஸ்போர்ட்ஸ் டேக்குக் கட் அடிக்கிறீங்களா?

ஓடினால் பார்ப்பார்களே என்று ஷட்டிலையும் த்ரோபாலையும் விட்டவர்கள் உண்டு. 1977-ல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்ற மூன்று பெண்கள் இதே தொல்லைக்குத்தான் வழி தேடினார்கள். ஆண் வீரர்கள் அணிகிற சப்போர்ட்டர் இரண்டை ஒன்றாகச் சேர்த்துத் தைத்துப் பார்த்தார்கள். அதுதான் ‘ஜாக்பிரா’, நவீன ஸ்போர்ட்ஸ் பிராவின் தொடக்கம். நிறைந்த மார்புக்கு, வெறுமனே அழுத்துகிற மாடலைவிட இரண்டு பக்கமும் தனித்தனி கப் வைத்த மாடல் நல்லா தாங்கும். விளையாட்டை விடாதீங்க, குறைச்ச வெயிட்டைத் தக்கவைக்கவும் அதுதானே வேணும்!

இங்கே மட்டும் சீரியஸ்

வியர்வை தங்கி மார்புக்குக் கீழே அரிப்பு, சிவப்பு வருகிறதா? குளித்ததும் நன்றாகத் துடைத்து, காட்டன் உள்ளாடை போடுங்க. போகவில்லை என்றால் தோல் டாக்டர். கழுத்துவலி, முதுகுவலி விடவே மாட்டேன் என்கிறதா, கட்டி மாதிரி ஏதாவது தட்டுப்படுகிறதா? கூச்சத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்க. வலிக்கு வைத்தியம் இருக்கிறது. விளம்பரத்தில் வருகிற க்ரீம் மட்டும் அந்த வைத்தியம் இல்லை.

கடைசியாக ஒண்ணு. ‘இன்னும் கொஞ்சம் குறைச்சதும் நல்ல டிரெஸ் வாங்கிக்கலாம்’ என்று நாலு வருஷ காலேஜ் லைஃபையும் பழைய தொளதொள டாப்ஸிலேயே ஓட்டிவிடாதீங்க. பட்ஜெட் கம்மியா? சரியான அளவில் ஒரு பிரா, பிடித்துத் தைத்த மூணு பழைய டாப்ஸ், இதில் தொடங்குங்க. அளந்து பார்த்தால் 32 வரட்டும், 38 வரட்டும். அது செமஸ்டர் மார்க் இல்லை, வெறும் அளவு. அந்த அளவுக்குத் துணிதான் வளைஞ்சு குடுக்கணும்... நீங்க முதுகை நிமிர்த்தி நடங்க!