இறுகிப்போன ஃபோகஸ் வளையம்

கையால் ஃபோகஸ் செய்யும் பழைய லென்ஸ்களின் வளையம் இறுகிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் தேய்மானம் அல்ல, உள்ளே தடவப்பட்ட கிரீஸ். லித்தியம் சோப்பு போன்ற ஒரு பொருளின் நுண்ணிழைகள் ஒன்றோடொன்று பின்னி, இடையிடையே எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் கலவைதான் கிரீஸ். உராய்வைக் குறைப்பது எண்ணெய். அதை ஓடிவிடாமல் நிறுத்துவது சோப்பு. பல பத்தாண்டுகளில் எண்ணெய் பிரிந்து கசிந்தும் ஆவியாகியும் போய்விட, சோப்பு மட்டும் காய்ந்து மரைகளுக்கிடையே தங்கிவிடுகிறது.

சோவியத் ஜெனிட் கேமராக்களோடு விற்ற ஹீலியோஸ் 44-2 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் குவியத் தூரம் 58 மில்லிமீட்டர். முடிவிலியிலிருந்து அரை மீட்டர் தூரத்துக்கு ஃபோகஸைக் கொண்டுவர, கண்ணாடித் தொகுதி ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் முன்னே வரவேண்டும். சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறும் சாதாரண மரையாக இருந்தால் ஒன்பது சுற்று சுற்றவேண்டும்; படமெடுக்க நின்றவர் அதற்குள் வீட்டுக்கே போய்விடுவார். ஆகவே லென்ஸ்களில் பல மரைகளைப் பக்கம்பக்கமாகச் சரிவாக வெட்டி, ஒரே சுற்றுக்குள் முழு நகர்வையும் அடக்கிவிடுகிறார்கள். உள்குழலும் வெளிக்குழலும் அகன்ற பரப்பில் நெருங்கி நிற்க, நடுவில் கிரீஸ் மெல்லிய படலமாகப் பரவியிருக்கும். அதன் பாகுத்தன்மைதான் விரலுக்கு இதமாகத் தெரியும் அந்த எதிர்ப்பு. அது வேண்டுமென்றே வைக்கப்பட்டது. இல்லாவிட்டால் கை பட்டாலே ஃபோகஸ் விலகிவிடும்.

வெளியிலிருந்து எண்ணெயோ துருநீக்கி ஸ்ப்ரேயோ விடுவது பலரும் செய்யும் வேலை, மிகக் கெட்ட வேலையும் அதுதான். வளையம் சில நாள் லேசாகச் சுழலும். நீர்த்துப்போன கிரீஸ் பிறகு அப்பர்ச்சர் இதழ்களுக்கு ஊர்ந்து சேரும். தானியங்கி அப்பர்ச்சர் உள்ள லென்ஸ்களில் ஷட்டர் திறக்கும் முன் கண நேரத்தில் இதழ்கள் சுருங்கவேண்டும். அவற்றை இழுப்பதோ மெலிந்த ஸ்பிரிங். எண்ணெய்ப் பசையில் இதழ்கள் தாமதித்தால் படம் வெளிறிவிடும். ஹீலியோஸ் 44-2இல் அப்பர்ச்சரைக் கையால் சுருக்குவதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் எண்ணெய் ஆவி கண்ணாடியில் படிந்து மங்கலாக்குவதிலிருந்து அதுவும் தப்பாது.

ஆகவே பிரித்துத் துடைப்பதே வழி. கண்ணாடித் தொகுதியை முதலில் கழற்றிப் பத்திரப்படுத்தவேண்டும். குழல்களைப் பிரிக்கும்போதுதான் கவனம் அதிகம் தேவை. பல மரைகள் இருப்பதால் உள்குழல் பல இடங்களில் நுழையும்; சரியான இடம் ஒன்றே. மெதுவாகச் சுழற்றி, மரைகள் விடுபடும் அந்த இடத்தில் நிறுத்தி, இரு குழல்களிலும் நேர்நேராக ஊசியால் கோடு கீறிக்கொள்ள வேண்டும். இதை மறந்தவர்கள் ஒவ்வொரு வாயாக நுழைத்துப் பார்த்தே பொழுதைக் கழிப்பார்கள்.

பித்தளை மரைகளில் பழைய கிரீஸ் பச்சையாகத் தெரிவதுண்டு. கிரீஸிலுள்ள கொழுப்பு அமிலம் பித்தளையின் செம்போடு வினைபுரிந்ததன் நிறம் அது. ஒயிட் பெட்ரோலில் நனைத்த பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும், மரையின் அடிக்கு மூங்கில் பல்குச்சியும் போதும். ஊசியோ கத்தியோ கீறிவிடும். நெருப்பு அருகில் இருக்கக்கூடாது, ஜன்னல் திறந்திருக்கவேண்டும். வண்டிச் சக்கர பேரிங் கிரீஸ் இதற்கு ஆகாது. எளிதில் எண்ணெய் கசியாத, லென்ஸுக்கென்றே வரும் கிரீஸை மரைகளின் பள்ளம் மினுங்கும் அளவுக்கு மட்டும் தடவி, குழலை முன்னும் பின்னும் பலமுறை ஓட்டி, ஓரத்தில் பிதுங்குவதைத் துடைத்தெடுக்கவேண்டும்.

கடைசியாக முடிவிலியைச் சரிபார்க்கவேண்டும். இதற்கு நிலவைத் தேடவேண்டியதில்லை. ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள கோபுரத்துக்கும் நிலவுக்கும் இடையே 58 மி.மீ. லென்ஸ் நகரவேண்டியது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்குதான். கோபுரம் கூர்மையாகத் தெரியும் நிலையில் மரைக்குழலை அசையாமல் பிடித்து, வெளிவளையத்தை முடிவிலிக் குறியில் நிறுத்தி, அதன் சிறு திருகாணிகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கவேண்டும். ஒன்றை மட்டும் முதலில் முடுக்கினால் வளையம் ஒருபக்கம் சாய்ந்து மீண்டும் பிடிக்கும்.