அந்த உம்மா கேட்ட கேள்வி

சில வருடங்களுக்கு முன், கிழக்குக் கரையோரத்தில் நான் கணிதம் படிப்பித்த பாடசாலையில் அபிவிருத்திச் சங்கக் கூட்டம் நடந்தது. க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வந்திருந்த நேரம். சித்தி வீதம் முந்திய வருடத்தை விடக் கூடியிருந்தது. அதிபர் வாசித்துக் காட்ட எல்லோருக்கும் சந்தோசம். பின்வரிசையிலிருந்து ஓர் உம்மா எழும்பி, "சேர், என்ட மகனும் இந்தக் கணக்குக்குள்ள இரிக்கானா?" என்று கேட்டார். அவரது மகன் எட்டாம் தரத்தோடு நின்றவன். யாரும் பதில் சொல்லவில்லை. நான் அவனுடைய வகுப்பாசிரியர்.

அந்தக் கேள்விக்கான பதிலை இப்போது எழுதுகிறேன்.

முதலில் வீதம் என்பது என்ன என்று பார்ப்போம். நாம் சாதாரணமாகச் சொல்லும் சித்தி வீதம், பரீட்சைக்குத் தோற்றியவர்களில் எத்தனை பேர் சித்தியடைந்தார்கள் என்பதுதான். தோற்றாதவர் அதில் இல்லை. ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். இரண்டு பாடசாலைகளிலும் தரம் 6 இல் 60 பிள்ளைகள் சேர்கிறார்கள். முதலாவதில் 40 பேர் பரீட்சை எழுதி 28 பேர் சித்தி, 70 வீதம். இரண்டாவதில் 55 பேர் எழுதி 33 பேர் சித்தி, 60 வீதம். பத்திரிகையிலும் பள்ளிவாசல் முன்றலிலும் முதலாவதுதான் பேசப்படும். ஆனால் சேர்ந்த 60 பேரையும் வைத்துப் பார்த்தால், முதலாவது கரைசேர்த்தது 47 வீதத்துக்கும் குறைவு. இரண்டாவது 55 வீதம். கூடுதலான பிள்ளைகளைக் கரைசேர்த்த பாடசாலை பின்தங்கியதாக எண்ணப்படுகிறது.

இந்தப் பிழை எங்கே ஒளிந்திருக்கிறது? தரம் 6 முதல் 9 வரையான கனிஷ்ட இடைநிலை வகுப்புகளில். தரம் 5 இல் புலமைப்பரிசில் பரீட்சை, தரம் 11 இல் சாதாரண தரம். இரண்டுக்கும் நடுவில் பொதுப் பரீட்சை ஒன்றுமில்லை, தவணைப் பரீட்சைதான். ஐந்தாம் தரப் பிள்ளையை ரியூசனுக்குக் கூட்டிக்கொண்டு அலைகிற வாப்பா, ஏழாம் தரத்தில் அவன் வகுப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டால் முழிக்கிறார். பிள்ளை பின்னப்போவதும் பாடசாலையை விட்டு விலகுவதும் யாரும் பார்க்காத இந்த வருடங்களில்தான்.

அடுத்து, யார் வருகிறார்கள் என்பது. புலமைப்பரிசில் பரீட்சையின் நோக்கம் இரண்டு: வசதி குறைந்த பிள்ளைக்கு உதவித்தொகை, கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பெரிய பாடசாலையில் இடம். ஒவ்வொரு மாவட்டத்துக்கும், மொழி மூலத்துக்கும் வெட்டுப்புள்ளி வேறு. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பலர் தேசிய பாடசாலைக்கோ, உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலைக்கோ போய்விடுவார்கள். தரம் 11 வரை மட்டுமே உள்ள வகை 2 பாடசாலையில் எஞ்சியிருப்போர் மற்றவர்கள். ஆறு வருடம் கழித்து இரண்டு பாடசாலைகளின் பெறுபேற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "அங்க நல்லாப் படிப்பிக்காங்க, இங்க சரியில்ல" என்கிறோம். ஓடத் தொடங்கிய இடமே வேறு என்பதை மறந்துவிடுகிறோம்.

பிறகு, யார் போகிறார்கள் என்பது. நான் வைத்திருந்த வரவு இடாப்புகளில் சிவப்பு மையால் வெட்டப்பட்ட பெயர்களில் பெரும்பாலானவை ஆண்பிள்ளைகளுடையவை. ஆறாம் தரத்தில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமனாக இருந்த வகுப்பு, பதினோராம் தரத்தில் பெண்பிள்ளைகளின் வகுப்பாக மாறியிருக்கும். ஒருவன் வாப்பாவோடு கடலுக்குப் போனான். ஒருவன் கொழும்பில் மாமாவின் கடைக்கு. ஒருவன் ஹிப்ழ் மத்ரஸாவில் சேர்ந்து, இடையில் திரும்பி வந்து, தன்னை விடச் சின்னப் பிள்ளைகளோடு குந்தியிருக்க வெட்கப்பட்டு நின்றுவிட்டான். இன்னொருவனின் உம்மா வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலைக்குப் போன பிறகு, காலையில் அவனை எழுப்பி அனுப்ப ஆளில்லை. கட்டாயக் கல்வி வயது 2016 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. சட்டம் அப்படி இருந்தும் இடாப்பில் சிவப்பு மை நிற்கவில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த உம்மாவின் மகன் விலகிய நாளில், "போனது நல்லதுதான், ஓ.எல். வீதத்தை இறக்கியிருப்பான்" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் உள்ளுக்குள் ஒரு ஆறுதல் இருந்தது. கணிதத்தில் அவன் பத்துப் புள்ளியைத் தாண்டியவனில்லை. அவன் வீட்டுக்கு நான் ஒரு தடவைதான் போனேன். அதுவும் நூலகப் புத்தகத்தைத் திருப்பி வாங்க. வீதத்தை மட்டும் பார்த்துக் கொண்டாடுகிற சமூகம், பலவீனமான பிள்ளை தானாகப் போனால் சரி என்று நினைக்க ஆசிரியரைப் பழக்கிவிடுகிறது. இது யாரும் திட்டமிட்டுச் செய்வதல்ல. ஆனால் அப்படித்தான் நடக்கிறது.

ஆகவே, அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோர் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று: இம்முறை பரீட்சை எழுதிய தொகுதியில், தரம் 6 இல் எத்தனை பேர் இருந்தார்கள்? இரண்டு: வேறு பாடசாலைக்கு மாறிப் போனவர்களைக் கழித்துவிட்டு, மிச்சப் பேரில் எத்தனை பேர் எழுதினார்கள்? மூன்று: எழுதாதவர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, அவர்கள் இப்போது எங்கே? இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. சேர்வு இடாப்பும் விடுகைப் பத்திரப் பிரதிகளும் அதிபரின் அலுமாரியில் இருக்கின்றன. ஒரு பின்னேரம் போதும்.

இதைக் கேட்பது அதிபரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கல்ல. பதில் தெரிந்தால் செய்யக்கூடியவை இருக்கின்றன. ஒரு பிள்ளை தொடர்ந்து ஒரு கிழமை வராவிட்டால் அன்றைக்கே வீட்டுக்கு ஆள் போகலாம். ஏழாம் தரத்திலேயே வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு மணித்தியாலம் ஒதுக்கலாம். மத்ரஸாவிலிருந்து திரும்பும் பிள்ளையைச் சேர்க்க அதிபரும் உஸ்தாதும் ஒரு தடவை கூடிப் பேசலாம்.

அந்த உம்மாவுக்குப் பதில்: இல்லை ராத்தா, உங்கட மகன் அந்தக் கணக்குக்குள்ள இல்லை. அந்தக் கணக்குத்தான் பிழை.