புதிதாய் வந்த தாரா

தாரா நீர்ப்பறவை என்பது சிறு பிள்ளைகளும் அறிந்த செய்தி. ஆயினும், வீட்டு வளவிலே வளரும் தாராக்களுக்கு வரும் நோய்களுட் பல, நீரை வைக்கும் முறை அறியாமையினாலேயே வருகின்றன என்பதைப் பலர் அறியார். வாத்து என்று நூல்களில் வழங்கும் இப்பறவைக்குக் குளிக்க நீர் வேண்டும். படுக்க உலர்ந்த தரை வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே கிடைத்தால் அது பெரும்பாலும் நலமாகவே வாழும். நீர் இருக்கவேண்டிய இடத்தில் வரட்சியும், உலர்ந்திருக்கவேண்டிய இடத்தில் ஈரமும் இருந்தால் இறகு கெடும், கால் கெடும், மூச்சும் கெடும்.

அவ்வாறு கெட்ட தாராக்கள் சில வேளைகளிற் புதிய வீடொன்றை வந்தடைகின்றன. ஊர்விட்டுப் பெயர்வோர் கொடுத்துச் செல்வனவும், சந்தையில் நெருக்கமான கூட்டிலிருந்து இரக்கத்தால் வாங்கப்படுவனவும், பராமரிக்க இயலாத முதியோர் அயலவரிடம் ஒப்படைப்பனவும் அத்தகையன. வயிற்றின் கீழுள்ள இறகுகள் சேற்றினால் ஒட்டிக் கிடக்கும். கண்ணோரத்திற் பீளை கட்டியிருக்கும். ஒரு காலை நன்றாக ஊன்றாது நொண்டும். இந்நிலையைக் கண்ட நல்லுள்ளம் படைத்தோர் அன்றே சவர்க்காரமிட்டுக் குளிப்பாட்டி, பாணும் சோறும் வயிறு நிறையக் கொடுத்து, தம் வீட்டுத் தாராக்களோடு சேர்த்துவிடுவர். இம்மூன்றும் அன்பினாற் செய்யப்படுவன. மூன்றும் தீங்கு பயப்பன. அதன் காரணத்தை ஒவ்வொன்றாக ஆராய்தல் நன்று.

முதலாவது, தனிமைப்படுத்தல். புதிதாய் வந்த பறவையை ஏறத்தாழ 30 நாள்களுக்கு மற்றப் பறவைகளிலிருந்து பிரித்து வைத்தல் வேண்டும். தனிக் கொட்டில், தனி நீர்ப்பாத்திரம், தனித் தீன்பாத்திரம் என்பன அதற்கு இருத்தல் அவசியம். நாள்தோறும் நலமுள்ள பறவைகளின் வேலையை முடித்த பின்னரே புதிய பறவையிடம் செல்லுதல் வேண்டும். செருப்பின் அடியிலும் கையிலும் நோய்க்கிருமி ஒட்டிச் செல்லுமாதலின் இவ்வொழுங்கை மாற்றலாகாது.

இதன் அருமையைத் தாராக் கொள்ளைநோயின் வரலாறு உணர்த்தும். 1923ஆம் ஆண்டில் ஒல்லாந்திலே முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்நோய் ஒருவகை வைரசினால் உண்டாவது. 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள லோங் ஐலண்ட் என்னுந் தீவின் தாராப் பண்ணைகளில் அது தோன்றி அழிவை விளைத்தது. நோய் தொற்றிய தாரா சில நாள்கள் வரை வெளித்தோற்றத்தில் நலமாகவே காணப்படும். தப்பிப் பிழைத்த தாராவோ நெடுங்காலம் கிருமியைத் தன்னுள்ளே தாங்கித் திரியும். தோற்றத்தைக் கண்டு நலமென்று கொள்ளுதல் எத்துணை ஆபத்தானது என்பதற்கு இதுவொன்றே போதிய சான்றாகும்.

இரண்டாவது, பறவையைச் சோதித்தல். தாராவைக் காலிற் பிடித்துத் தூக்கலாகாது. அதன் கால்கள் எளிதில் முறியும் இயல்பின. இரு கைகளாலும் இறக்கைகளை உடலோடு அணைத்து, வயிற்றைத் தாங்கி எடுத்தல் வேண்டும். பின்னர் தலைமுதற் கால்வரை ஆறுதலாகப் பார்த்தல் வேண்டும். கண் தெளிந்திருக்கின்றதா, மூக்குத் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா, வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றதா என நோக்குக. நெஞ்செலும்பைத் தடவும்போது அது கத்தியின் விளிம்புபோல் விரலுக்குத் தட்டுப்பட்டால், பறவை நெடுநாட் பட்டினி கிடந்தது அல்லது குடற்புழுவினால் மெலிந்தது என ஐயுறலாம். இறகுகளை விலக்கிப் பேனும் உண்ணியும் உளவா எனப் பார்க்க. பெட்டைத் தாராவின் பிடரியில் இறகு உதிர்ந்து புண் இருப்பின், சேவல்கள் மிகுதியாக இருந்த கூட்டத்தில் அது துன்புற்றது என்பது பெறப்படும். ஒரு சேவலுக்கு நான்கு முதல் ஆறு பெட்டைகள் வரை இருத்தலே முறை.

எச்சந் தள்ளும் இடத்தையும் மறவாது பார்த்தல் வேண்டும். அங்கே இறகு அழுக்கேறி ஈரமாய் இருப்பின் ஈக்கள் முட்டையிடும். அம்முட்டைகள் ஒரு நாளிலேயே பொரித்துப் புழுவாகி உயிருள்ள தசையைத் தின்னத் தொடங்கும். புழு காணப்பட்டால் மறுநாள்வரை பொறுத்திராது, அன்றே மிருக வைத்தியரை நாடுதல் வேண்டும்.

மூன்றாவது, இறகின் நலம். தாராவின் இறகிழைகள் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று பின்னப்பட்டு, நீர் உட்புகாத ஒரு மேலாடைபோல் அமைந்துள்ளன. வாலின் அடியில், முதுகுப் பக்கமாக, ஒரு நெய்ச் சுரப்பி உண்டு. தாரா தன் அலகினால் அந்நெய்யை எடுத்து இறகெங்கும் பூசி, இழைகளைச் சீராக்கிக்கொள்ளும். குளித்தலும் கோதுதலும் இதற்கு இன்றியமையாதன. குளிக்க நீரின்றிச் சேற்றிலே கிடக்கும் தாராவின் இறகிழைகள் ஒட்டிச் சிதைந்துபோக, நீரைத் தடுக்கும் ஆற்றல் போய்விடும். அத்தகைய தாராவை ஆழமான குளத்தில் விட்டால் அதன் இறகு பஞ்சுபோல் நீரை உறிஞ்சும். பறவை குளிரால் வாடும். சில வேளை மூழ்கியும் இறக்கும்.

எனவேதான் சவர்க்காரமும் சலவைத்தூளும் ஆகா என்கின்றனர். அவை அழுக்கோடு நெய்யையும் கழுவிவிடும். இளஞ்சூடான வெறும் நீரில் அழுக்கை ஊறவைத்து மெல்ல நீக்குதலே தக்கது. பின்னர், தலை முழுவதும் அமிழத்தக்க ஆழமுள்ள பாத்திரத்தில் எந்நேரமும் நல்ல நீர் வைத்தல் வேண்டும். கண்ணையும் மூக்கையும் தாரா தானே கழுவிக்கொள்வது அந்நீரிலேதான். முழு உடலும் குளித்தற்குத் தாழ்ந்த தொட்டியிலே முதலிற் சிறிது நேரமும், நாட்செல்லச் செல்லக் கூடிய நேரமும் விடலாம். வெயில் ஏறிய முற்பகலே அதற்கு உகந்த வேளை. பொழுதுபடுமுன் உடல் உலர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் இவ்விடயத்தில் மேலும் கவனம் வேண்டும். முறிந்த இறகு மீண்டும் ஒட்டாது. அடுத்த இறகுதிர்வின் பின் புதிதாய் முளைத்தாலன்றி அழகு முற்றாகத் திரும்பாது. ஆகவே சில மாதங்கள் பொறுத்திருத்தல் வேண்டும்.

நான்காவது, தரை. தாராவின் எச்சத்திற் பெரும்பங்கு நீரே. குடிக்கும்போதும் அது நீரைச் சிந்திக்கொண்டே இருக்கும். இதனால் கொட்டிலின் தரை ஓர் இரவிலேயே நனைந்துவிடும். நனைந்த எச்சத்திலிருந்து எழும் அமோனியா ஆவி கண்ணையும் மூச்சுப்பையையும் எரிக்கும். மரச்சீவலோ உலர்ந்த வைக்கோலோ தடிப்பாகப் பரப்பி, ஈரமான பகுதியை நாள்தோறும் அகற்றுதல் வேண்டும். நீர்ப்பாத்திரத்தைப் படுக்கையினின்றும் தூரத்தில், சல்லிக்கல் பரப்பிய இடத்தில், கம்பிவலைத் தட்டின்மேல் வைத்தால் சிந்தும் நீர் கீழே வடிந்துவிடும். பூஞ்சணம் பிடித்த வைக்கோலை ஒருபோதும் இடலாகாது. அதன் வித்துக்கள் மூச்சோடு உட்புகுந்து நுரையீரலில் நோயை விளைக்கும். அந்நோயைத் தீர்த்தல் மிக அரிது.

கரடான சீமெந்துத் தரையிலும் ஈரத்திலும் நடக்கும் தாராவின் உள்ளங்காலிற் சிறு காயம் உண்டாகி, அதனூடாக ஒருவகைப் பக்டீரியா உட்புகும். பாதம் வீங்கிச் சூடாகும். நடுவிலே கறுத்த பொருக்கு ஒன்று தோன்றும். தொடக்கத்திலே கண்டால், இளஞ்சூடான உப்புநீரிற் கழுவி, துடைத்து, மெத்தென்ற உலர்ந்த படுக்கையில் விட்டாலே பல சமயம் குணமாகும். முற்றியபின் கிருமி எலும்பு வரை செல்லும். வீட்டிலே சவர அலகு கொண்டு கீறிப் பார்த்தல் பெருந் தவறு. அது மிருக வைத்தியர் செய்யவேண்டிய வேலை.

ஐந்தாவது, தீன். பாண் வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்காது. தீட்டிய அரிசிச் சோறும் அத்தகையதே. தாராக்குஞ்சுக்கு நயாசின் என்னும் உயிர்ச்சத்து மிகவும் வேண்டும். ஒரு கிலோகிராம் தீனில் ஏறத்தாழ 55 மில்லிகிராம் இருத்தல் நன்று என்பர். கோழிக்குஞ்சின் தேவையிலும் இது மிகுதி. கோழி தன் உடலினுள்ளே அச்சத்தை ஓரளவு ஆக்கிக்கொள்ளும். தாராவுக்கு அவ்வாற்றல் குறைவு. அச்சத்துக் குறைந்த குஞ்சின் கால்கள் வளைந்து, முழங்கால் வீங்கி, ஈற்றில் நடக்க இயலாது போகும். மதுவம் எனப்படும் ஈஸ்ட் தூளைத் தீனிற் கலந்து கொடுத்தலும், உப்பிடாத மீனைச் சேர்த்தலும் இக்குறையைப் போக்கும். தீனுக்கு அருகில் நீர் இல்லாவிட்டால் தாராவுக்கு உலர்ந்த மா தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

தீனைப் பற்றிய மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் அறியப்படாத நோயொன்றினால் மாண்டன, தாராக்குஞ்சுகளும் இறந்தன. ஆராய்ந்தபோது, தீனிற் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கிற் பூஞ்சணம் பிடித்திருந்ததும், அப்பூஞ்சணம் கொடிய நஞ்சொன்றை உண்டாக்கியிருந்ததும் தெரியவந்தன. அபிளாதொட்சின் என்று பெயரிடப்பட்ட அந்நஞ்சு ஈரலை அழிப்பது. தாராக்குஞ்சு அதற்கு மிக எளிதில் இரையாகும். கடலைப் பிண்ணாக்காயினும் தேங்காய்ப் பிண்ணாக்காயினும், ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்திருந்தால், 'மனிதர் தின்பதன்றே, பறவைக்குத்தானே' என்று போடலாகாது. அதனைக் காயவைத்தாலும் அவித்தாலும் நஞ்சு முற்றாக நீங்காது.

ஆறாவது, தேங்கிய நீர். கோடையில் வற்றிய குட்டைகளில் இலைகுழைகளும் செத்த பிராணிகளும் அழுகும்போது, காற்றில்லாச் சேற்றிலே வளரும் ஒரு பக்டீரியா கடும் நஞ்சைச் சுரக்கும். அழுகிய உடலைத் தின்ற புழுக்களில் அந்நஞ்சு திரளும். புழுக்களுக்கு அதனால் தீங்கில்லை. அவற்றுட் சிலவற்றைக் கொத்தித் தின்ற தாராவுக்கோ முதலிற் கால் தளரும். பின் இறக்கை தளரும். ஈற்றிற் கழுத்தை நிமிர்த்த இயலாது தலை தொங்கும். நீரிலே நின்றால் அப்படியே மூழ்கி மாளும். இவ்வறிகுறி கண்டவுடன் பறவையை நிழலுக்கு எடுத்துச் சென்று, தலையைத் தாங்கிவைத்து, வைத்தியரை அழைத்தல் வேண்டும். வளவிலோ குட்டையிலோ செத்த எலியும் பறவையும் கிடந்தால் உடனே எடுத்து ஆழமாகப் புதைத்தல் இதற்குரிய தலைசிறந்த காப்பு.

இவையெல்லாம் பறவையின் நலம் பற்றியன. வீட்டாரின் நலமும் இதனோடு தொடர்புடையதே. நலமாகத் தோன்றும் தாராவின் எச்சத்திலும் மனிதருக்கு வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் தரும் சல்மனெல்லாக் கிருமி இருக்கலாம். பறவையைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் வேண்டும். சிறு பிள்ளைகள் தாராவை முத்தமிடுதலையும், அதன் பாத்திரங்களைச் சமையலறையிற் கழுவுதலையும் தவிர்த்தல் வேண்டும். தாரா முட்டையை வெண்கருவும் மஞ்சட்கருவும் நன்கு இறுகும்வரை அவித்தே உண்ணுதல் நன்று. மருந்து கொடுக்கப்பட்ட தாராவின் முட்டையை, வைத்தியர் கூறும் நாள்கள் கழியும்வரை உண்ணலாகாது. பல பறவைகள் திடீரென ஒருங்கே மடியுமாயின், செத்த உடலை வெறுங்கையாற் தொடாமலும் அயலவருக்குக் கொடுக்காமலும், அண்மையிலுள்ள அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்தல் கடமையாகும்.

நாள்தோறும் பாத்திரத்திலிருந்து கொட்டப்படும் அழுக்கு நீர் வீணன்று. கிணற்றடிக்குத் தூரமாகச் சிறு வாய்க்கால் வெட்டி அதனை வாழைக்கும் தென்னைக்கும் விட்டால், தாராவின் எச்சம் நல்ல பசளையாகிவிடும். கிணற்றுப் பக்கம் வடியவிடுவதோ குடிநீரைக் கெடுக்கும்.

இரக்கத்தால் ஒரு பறவையை வீட்டுக்குக் கொண்டுவருதல் எளிது. அது ஒரு நாட் செயல். நீரை மாற்றுதலும், ஈரப் படுக்கையை அள்ளுதலும், பாதத்தைத் திருப்பிப் பார்த்தலும் நாள்தோறும் செய்யவேண்டியன. அவ்வேலைக்கு மனமும் நேரமும் உடையோரே தாராவை ஏற்றல் தகும். முதல் ஒரு மாதம் அவ்வாறு பேணப்பட்ட தாரா, ஒட்டிக் கிடந்த இறகை மெல்ல மெல்லக் கோதி விரித்து, நீரிலே தலையை அமிழ்த்தி முதுகின்மேல் நீர்த்துளிகளை உருளவிடும். துளிகள் ஒட்டாது உருண்டு விழுமாயின், அந்தப் பறவை பிழைத்துக்கொண்டது எனத் துணியலாம்.