கண்ணுக்குள் ஒரு பூமி

2004 டிசம்பர் 26. தாய்லாந்தின் ஃபுகெட் தீவில் உள்ள மாய் காவோ கடற்கரை. இங்கிலாந்திலிருந்து பெற்றோருடன் விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்ற பத்து வயதுச் சிறுமி கரையோரம் நடந்துகொண்டிருந்தாள். கடல் வழக்கம்போல் ஏறி இறங்கவில்லை. நுரைத்துக் குமிழியிட்டபடி, பின்வாங்காமல் மேலே மேலே வந்துகொண்டிருந்தது. அவளுக்குச் சட்டென்று ஒரு படம் நினைவுக்கு வந்தது. இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் ஆசிரியர் காட்டிய கறுப்பு வெள்ளைப் படம். 1946இல் ஹவாய்த் தீவுகளைத் தாக்கிய சுனாமியைப் பற்றியது. அலை வருமுன் கடல் என்னென்ன அறிகுறிகள் காட்டும் என்றும் ஆசிரியர் சொல்லியிருந்தார். சிறுமி கத்தினாள். முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் விடவில்லை. கடைசியில் தந்தை விடுதிக் காவலரிடம் போய்ச் சொல்ல, கடற்கரை காலியானது. ஏறத்தாழ நூறு பேர் உயிர் தப்பினார்கள்.

அதே காலையில் நம் கரையிலும் கடல் பேசியது. மாமல்லபுரத்தில் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, அதுவரை கண்டிராத பாறைகள் வெளியே தெரிந்ததைப் பார்த்தவர்கள் பின்னர் சொன்னார்கள். கிழக்குக் கடற்கரையில் பெரும்பாலானோருக்கு ‘சுனாமி’ என்ற சொல்லே அன்றுதான் அறிமுகம். முதல் அலை வடிந்ததும் என்ன நடந்தது என்று பார்க்கப் போனவர்களை அடுத்த அலை வாரிக்கொண்டு போனது. கடலோடு பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். அன்றைய கடலை அடையாளம் காட்டும் படம் ஒன்றை மட்டும் யாரும் அவர்களுக்குக் காட்டியிருக்கவில்லை.

புவி அறிவியல் பாடத்தில் படத்துக்கு உள்ள இடத்தை இந்த ஒரு காலையே சொல்லிவிடும். தாவரவியல் ஆசிரியர் ஒரு செம்பருத்திப் பூவைப் பறித்துக் கையில் கொடுக்கலாம். வேதியியல் ஆசிரியர் சோதனைக் குழாயைக் காட்டலாம். பூமியைப் பற்றிப் பாடம் நடத்துபவருக்கு அந்த வசதி இல்லை. கண்டங்கள் நகர்வது நகம் வளரும் வேகத்தில். கடலடி மலைகளோ கிலோமீட்டர் கணக்கான தண்ணீருக்குக் கீழே. காற்றில் கலந்த கரியமில வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பூமியில் நடப்பவற்றில் பெரும்பகுதி நம் கண்ணுக்கு அகப்படாதபடி பெரிதாகவோ, மெதுவாகவோ, ஆழத்திலோ இருக்கிறது. அதனால் இந்தப் பாடத்தில் படம் பாடத்துக்குத் துணையாக வருவதில்லை. மாணவர் மனதில் நிற்கப்போவது படம்தான்.

படமே தவறு சொன்னால்?

1987இல் அமெரிக்காவில் ‘எ பிரைவேட் யுனிவர்ஸ்’ என்ற ஆவணப்படம் வெளியானது. அதன் தொடக்கப் பகுதி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு நாளன்று எடுத்தது. பருவங்கள் ஏன் மாறுகின்றன, நிலா ஏன் வளர்ந்து தேய்கிறது என்று அங்கிருந்தவர்களிடம் கேட்டார்கள். பட்டதாரிகளும் ஆசிரியர்களுமாக 23 பேரில் 21 பேர் தவறான விளக்கம் சொன்னார்கள். கோடையில் பூமி சூரியனுக்கு அருகே போகிறது, அதனால்தான் வெயில் என்று பட்டமளிப்பு அங்கியோடு நின்று சொன்னவர்கள் உண்டு.

பாடநூல் படத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. பூமியின் பாதையைச் சாய்வான கோணத்தில், நீண்ட முட்டை வடிவில் வரைவது வழக்கம். அதைப் பார்க்கும் குழந்தை, பூமி ஒரு சமயம் சூரியனை ஒட்டியும் இன்னொரு சமயம் எட்டியும் போகிறது என்றுதான் எடுத்துக்கொள்ளும். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகே இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், நம் மார்கழிக் குளிரில். தொலைவு 14.71 கோடி கிலோமீட்டர். மிகத் தள்ளிப் போகும் ஜூலை முதல் வாரத்தில் 15.21 கோடி.

இதைத் திருத்த ஒரு சார்ட் தாளும் கவராயமும் போதும். ஒரு செ.மீ. என்பது ஒரு கோடி கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு 15 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடச் சொல்லுங்கள். சூரியனை மையத்திலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் மட்டும் தள்ளிக் குறிக்கச் சொல்லுங்கள். பூமியின் பாதை அவ்வளவுதான். அது சரியான வட்டமல்ல என்பது உண்மை. ஆனால் இந்த அளவில் அந்த வேறுபாடு பென்சில் கோட்டின் தடிமனுக்குள் மறைந்துவிடும். பிறகு டார்ச் விளக்கைத் தாளுக்கு நேராகவும் சாய்வாகவும் பிடித்துக் காட்டலாம். நேராக விழும் ஒளி சின்ன வட்டமாகப் பளிச்சென்று தெரியும். சாய்ந்து விழுவது பரவி மங்கும். பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பது ஏன் கோடையையும் குளிரையும் தருகிறது என்பதை இனி மாணவரே சொல்லிவிடுவார்.

கண்டங்களை நகர்த்திய வரைபடம்

படம் சில சமயம் அறிவியலுக்கே வழி காட்டியிருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் நியூயார்க் அருகே லாமாண்ட் புவியியல் ஆய்வகத்தில் மேரி தார்ப் வேலை செய்துகொண்டிருந்தார். பெண்களை ஆய்வுக் கப்பலில் ஏற்றாத காலம். சக ஆய்வாளர் புரூஸ் ஹீசன் கடலுக்குப் போவார். கப்பல்கள் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு அளந்த ஆழங்கள் தார்ப்பின் மேசைக்கு வரும். அந்த எண்களைக் கொண்டு வட அட்லாண்டிக்கின் குறுக்கே ஆறு வெட்டுமுகங்களை வரைந்தார் தார்ப். கடலின் நடுவே மலைத்தொடர் ஓடுவது முன்பே தெரிந்த செய்தி. அதன் உச்சியில், ஒவ்வொரு வெட்டுமுகத்திலும் ஏறக்குறைய அதே இடத்தில், ‘வி’ வடிவப் பள்ளம் ஒன்று இருப்பதை அவர் கவனித்தார். பூமி அங்கே பிளந்து விலகுகிறது என்பதற்கான அடையாளம் அது. கண்டங்கள் நகரும் என்று சொல்வதே அப்போது கேலிக்குரிய பேச்சு. ஹீசன் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று ஒதுக்கினார்.

அதே ஆய்வகத்தில் ஹோவர்டு ஃபாஸ்டர் என்பவர் கடலடி நிலநடுக்கங்கள் நிகழ்ந்த இடங்களைத் தனியாக ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வரைபடங்களும் ஒரே அளவில் இருந்தன. ஒன்றன்மேல் ஒன்றை வைத்து அடியில் விளக்கைப் போட்டார்கள். நிலநடுக்கப் புள்ளிகள் தார்ப்பின் பள்ளத்தை ஒட்டியே வரிசையாக விழுந்திருந்தன. ஹீசனும் ஏற்றுக்கொண்டார். இருவரும் சேர்ந்து தொடர்ந்த பணி, ஓவியர் ஹைன்ரிக் பெரானின் தூரிகையில் 1977இல் உலகக் கடலடி முழுவதையும் காட்டும் வண்ணப்படமாக முடிந்தது.

இந்தச் சோதனையை எந்தப் பள்ளியிலும் செய்யலாம். உலக நிலநடுக்கங்களை ஒரு ட்ரேசிங் தாளிலும் எரிமலைகளை இன்னொன்றிலும் மாணவர்கள் குறிக்கட்டும். இரண்டையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், புவித்தட்டுகளின் எல்லைகளை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

மணலில் மழை

அமெரிக்காவின் டேவிஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், ஆலிவர் க்ரைலோஸும் அவர் குழுவினரும் ஒரு மணல் பெட்டியை உருவாக்கினார்கள். மேலே ‘கினெக்ட்’ என்ற விளையாட்டுக் கருவியின் கேமரா மணலின் உயரத்தை நொடிக்கு நொடி அளக்கும். பக்கத்திலுள்ள புரொஜெக்டர் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏற்ற வண்ணங்களையும் சம உயரக் கோடுகளையும் மணல்மீதே வரையும். மணலைக் குவித்தால் கோடுகளும் கூடவே நகரும். பெட்டிக்கு மேலே கையை விரித்துப் பிடித்தால், கைக்குக் கீழே மழை பெய்து ஓடையாகி ஏரியில் சேரும். கரையை விரலால் உடைத்தால் வெள்ளம். இதற்கான மென்பொருளை இலவசமாகவே தந்திருக்கிறார்கள். பல நாட்டு அருங்காட்சியகங்களில் இன்று இந்தப் பெட்டி இருக்கிறது.

நம் மாணவர்கள் தடுமாறும் இடத்தையே இந்தப் பெட்டி தொடுகிறது. இந்திய நில அளவைத் துறை வரைபடத்தின் பழுப்பு நிறக் கோடுகளைக் கண்டு மிரளாதவர் குறைவு. கணினியும் கேமராவும் இல்லாத பள்ளியில் களிமண் இருக்கும். ஒரு தொட்டியில் களிமண் மலை ஒன்றைச் செய்து, ஒவ்வொரு செ.மீ. உயரத்துக்கும் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் தொடும் இடத்தைக் குச்சியால் கீறிக்கொண்டே வரட்டும். கடைசியில் தண்ணீரை வடித்துவிட்டு மேலிருந்து பார்த்தால் அதுவே சம உயரக் கோட்டு வரைபடம். சரிவு செங்குத்தான பக்கம் கோடுகள் நெருங்கி நிற்கும். அதன்பிறகு குன்னூர் மலைச்சரிவின் வரைபடத்தை விரித்து, எங்கே வண்டி திணறும் என்று கேட்டுப் பாருங்கள்.

காலத்தை அளக்க ஒரு கயிறு

பூமியின் வயது ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள். சுழியங்களை எழுதிக் காட்டினால் அது மனதில் நிற்காது. விளையாட்டுத் திடலில் 46 மீட்டர் கயிற்றைக் கட்டுங்கள். ஒரு மீட்டர் பத்துக் கோடி ஆண்டு. பல்லாவரத்துச் சார்னோகைட் பாறை, இன்றைய நாளிலிருந்து பின்னோக்கிச் சுமார் 25 மீட்டரில் வரும். டைனோசர்கள் அழிந்தது 66 செ.மீ.யில். இந்தியா ஆசியாவோடு மோதி இமயமலை எழத் தொடங்கியது சுமார் அரை மீட்டரில். நம் மனித இனம் முழுவதும் கடைசி மூன்று மில்லிமீட்டர்.

அந்த மூன்று மில்லிமீட்டரின் நுனியில் நாம் செய்திருப்பதை இன்னொரு கோடு காட்டும். 1958இல் சார்லஸ் கீலிங் ஹவாயின் மௌனா லோவா மலையில் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இந்தக் கோட்டை அச்சடித்துத் தராமல், மாத அளவுகளைக் கொடுத்து வரைபடத் தாளில் மாணவர்களையே வரையச் சொன்னால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. கோடு ரம்பப் பற்களாக ஏறி இறங்கி ஏறும். ஏன் என்ற கேள்வி தானாக எழும். வட அரைக்கோளத்தின் காடுகள் கோடையில் அந்த வாயுவை உள்ளிழுத்துக் குளிர்காலத்தில் வெளிவிடுவதன் தடம் அது.

கை வரையும்போதுதான் கண் கவனிக்கிறது. படிப்பதையும் எழுதுவதையும் பேசுவதையும்போல வரைவதையும் அறிவியல் கல்வியின் அடிப்படைத் திறனாகக் கொள்ள வேண்டும் என்று 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். நம் வகுப்பறைகளில் திரைகள் பெருகுகின்றன; மகிழ்ச்சிதான். திரையில் ஓடும் படத்தை ஓர் இடத்தில் நிறுத்தி, ‘அடுத்து என்ன ஆகும், வரைந்து காட்டு’ என்று கேட்கும் ஆசிரியரும் அங்கே வேண்டும்.

நாகப்பட்டினத்திலோ கடலூரிலோ ஒரு வகுப்பறையை நினைத்துக்கொள்கிறேன். ஆசிரியர் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் ஓர் அலைக் கோடு வரைகிறார். அலைக்கு மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. பள்ளம் முதலில் கரை சேர்ந்தால் கடல் உள்வாங்கும். கடல் உள்வாங்கினால், பின்னால் மேடு வருகிறது. திரும்பிப் பார்க்காமல் உயரமான இடத்துக்கு ஓட வேண்டும். பிள்ளைகள் அந்தக் கோட்டைத் தங்கள் நோட்டில் வரைந்துகொள்கிறார்கள். அதற்கு அரை நிமிடம் போதும்.