உரிமையா, உதவியா? ஏழைக்கு இரண்டு நாடுகளின் சட்டம் தருவது என்ன?

ரேஷன் அரிசியும் நூறு நாள் வேலையும் அரசு மனம் வைத்துக் கொடுக்கும் உதவிகளா, கேட்டு வாங்கும் உரிமைகளா? இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் இந்தக் கேள்விக்கு வேறு வேறு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் மனு எங்கே வலுவாக நிற்கும், எங்கே நிற்காது என்பது விளங்கும்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு வட்டாரங்களில் மானாவாரி வெள்ளாமை முழுக்க வடகிழக்குப் பருவமழையை நம்பியது. புரட்டாசியில் விதைத்த உளுந்தும் பாசியும் தை மாதத்தில் வீடு வந்துசேரும். பருத்தியும் மிளகாயும் பங்குனி வரை இழுக்கும். அதன்பிறகு அடுத்த மழை வரை கரிசல் மண் வெடித்துக் கிடக்கும். காட்டில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் குடும்பத்தைத் தாங்குவது ரேஷன் அரிசி, நூறு நாள் வேலை, முதியோர் உதவித்தொகை, தீப்பெட்டி ஆபீஸ் கூலி.

இவற்றில் ஒன்று நின்றுபோனால் யாரிடம் கேட்பது? கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா? உணவு, வேலை, வீடு, மருத்துவம், தண்ணீர் ஆகியவற்றுக்கான உரிமைகளைச் சமூகப் பொருளாதார உரிமைகள் என்கிறார்கள். இவற்றைச் சட்டத்தில் எப்படி எழுதுவது என்று பேசும் இடங்களிலெல்லாம் உதாரணமாக வரும் நாடுகள் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும். இரண்டும் வெள்ளையர் ஆட்சியைப் பார்த்தவை. இரண்டிலும் ஏழைகள் அதிகம். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி டர்பனில் இறங்கியவர்களின் வாரிசுகள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

எழுதியும் கேட்க முடியாத உரிமை

1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்புச் சட்டம் உரிமைகளை இரண்டு கூடையில் போட்டது. பேச்சுரிமை, சமத்துவம், உயிர் வாழும் உரிமை ஆகியவை மூன்றாம் பகுதியில், அடிப்படை உரிமைகளாக இருக்கின்றன. இவை மீறப்பட்டால் நேராக நீதிமன்றம் போகலாம். பிழைப்புக்கான வழி, வேலை, முதுமையில் உதவி, சத்துணவு, பொதுச் சுகாதாரம் ஆகியவை நான்காம் பகுதியில், அரசுக்கான வழிகாட்டு நெறிகளாக இருக்கின்றன. இவற்றை எந்த நீதிமன்றமும் அமல்படுத்த முடியாது என்று 37-வது பிரிவு சொல்கிறது. நாட்டை ஆள்வதற்கு இவை அடிப்படையானவை என்றும் அதே பிரிவுதான் சொல்கிறது. வேலை பெறும் உரிமையைப் பேசும் 41-வது பிரிவிலோ, 'அரசின் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு' என்ற கடிவாளமும் உண்டு.

இந்தச் சுவரில் முதல் பெரிய ஓட்டையைப் போட்ட வழக்குகளில் ஒரு தமிழ் விவசாயக் கூலியின் கதையும் இருக்கிறது. சேலத்தைச் சேர்ந்த நிலமற்ற கூலி அவர். வறட்சியால் வேலை போய், 1961-ல் பம்பாய்க்குப் பிழைக்கப் போனார். மனைவி, மூன்று மகள்களோடு நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கட்டிய குடிசையில் வாழ்ந்தார். 1981-ல் நடைபாதைக் குடிசைகளை அகற்ற மகாராஷ்டிர அரசும் மாநகராட்சியும் இறங்கியபோது, ஓல்கா டெல்லிஸ் என்ற பத்திரிகையாளர் பெயரால் அறியப்படும் வழக்கில் இவரும் ஒரு மனுதாரர்.

1985 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. பிழைப்பைப் பறித்தால் உயிரையே பறித்ததாகும். எனவே 21-வது பிரிவின் உயிர் வாழும் உரிமையில் பிழைக்கும் உரிமையும் அடங்கும் என்றது. நான்காம் பகுதியில் முடங்கிக் கிடந்த ஒன்று மூன்றாம் பகுதிக்கு வந்து சேர்ந்தது. ஆனால் குடிசைகள் தப்பவில்லை. முறைப்படி முன்னறிவிப்புக் கொடுத்து, மழைக்காலம் முடிந்தபின் அகற்றலாம் என்பதே முடிவு. கொள்கையில் வெற்றி; கூரை மிஞ்சவில்லை.

டர்பன் நோயாளி கேட்ட சிகிச்சை

தென்னாப்பிரிக்கா தன் புதிய அரசமைப்புச் சட்டத்தை எழுதியபோது நம்மைவிட ஒரு படி மேலே போனது. 1997 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் வீட்டு வசதியை 26-வது பிரிவிலும், மருத்துவம், உணவு, தண்ணீர், சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றை 27-வது பிரிவிலும் உரிமைகளாகவே எழுதியது. இவற்றுக்காக யாரும் நீதிமன்றம் போகலாம். ஆனால், அரசு தன்னிடம் உள்ள வசதிக்குள், படிப்படியாக இவற்றை நிறைவேற்ற வேண்டும் என்ற வரியையும் சேர்த்தே எழுதியது.

அந்த வரியின் கனம் அதே ஆண்டு தெரிந்தது. சூப்ரமணி வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இடம்பெற்ற அந்த வழக்கைத் தொடுத்தவர் டர்பனைச் சேர்ந்த 41 வயது நோயாளி. சர்க்கரை நோய், இதய நோயோடு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தவர். தனியாரிடம் டயாலிசிஸ் செய்யப் பணம் தீர்ந்ததும் அரசு மருத்துவமனையை நாடினார். இயந்திரங்கள் குறைவு, குணமாகும் வாய்ப்புள்ளவருக்கே முன்னுரிமை என்று மருத்துவமனை மறுத்தது. 1997 நவம்பர் 27 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் மருத்துவமனை பக்கம் நின்றது. சில நாளில் அவர் இறந்துபோனார்.

அந்தத் தீர்ப்பில் ஓர் இந்திய வழக்கும் பேசப்பட்டது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரைக் கல்கத்தாவில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல அரசு மருத்துவமனைகள் திருப்பி அனுப்பின. மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்கம் ஒன்று இதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 1996-ல் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கிடைத்தது. பணமில்லை என்று சொல்லி அவசர சிகிச்சையை அரசு மறுக்க முடியாது என்ற விதியும் பிறந்தது. அவசரச் சிகிச்சை வேறு, வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும் டயாலிசிஸ் வேறு என்று தென்னாப்பிரிக்க நீதிபதிகள் பிரித்துவிட்டார்கள். உரிமையைத் தனியாக எழுதாத நாட்டில் நிவாரணம் கிடைத்தது. எழுதிய நாட்டில் கிடைக்கவில்லை.

எவ்வளவு என்று சொல்லாத தீர்ப்பு

அதற்காகத் தென்னாப்பிரிக்கச் சட்டம் வெறும் ஏடு என்று நினைக்க வேண்டாம். கேப்டவுன் அருகே வாலஸ்டீனில் குடிசைகளை இடித்து எரித்து விரட்டப்பட்ட 390 பெரியவர்களும் 510 குழந்தைகளும் விளையாட்டு மைதானத்தில் பிளாஸ்டிக் தாளுக்கடியில் கிடந்தார்கள். ஐரீன் க்ரூட்பூம் என்ற பெண்ணின் பெயரில் வழக்கு நடந்தது. 2000 அக்டோபர் 4 அன்று, கூரையே இல்லாதவர்களை மறந்துவிட்டுத் தீட்டிய வீட்டு வசதித் திட்டம் நியாயமானதல்ல, சட்ட விரோதம் என்று நீதிமன்றம் சொன்னது. 2002-ல் எச்.ஐ.வி தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவாமல் தடுக்கும் மருந்தை அரசு மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் கொடுக்க வைத்தது. அந்தத் தீர்ப்பு காப்பாற்றிய உயிர்கள் ஏராளம்.

ஆனாலும் 'திட்டம் நியாயமானதா' என்று பார்க்கும் நீதிமன்றம், 'ஒருவருக்கு எவ்வளவு' என்று சொல்ல மறுத்தது. ஜோகன்னஸ்பர்க் அருகே சோவெட்டோ மக்கள் தண்ணீருக்காகப் போட்ட வழக்கு 2009-ல் முடிந்தது. வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்பது போதாது, அளவைக் கூட்ட வேண்டும் என்று கேட்டார்கள். கீழ் நீதிமன்றங்கள் கூட்டிக் கொடுத்தன. உச்சியில் இருந்த நீதிமன்றமோ, லிட்டர் கணக்கைத் தீர்மானிப்பது அரசின் வேலை என்று சொல்லிவிட்டது. க்ரூட்பூம் 2008-ல் இறந்தபோதும் அவருக்குச் சொந்த வீடு கிடைத்திருக்கவில்லை.

கிலோவும் நாளும் எழுதிய சட்டம்

இந்தியா வேறு பாதையில் போனது. 2001-ல் கிடங்குகளில் தானியம் குவிந்து கிடக்க, ராஜஸ்தானில் மக்கள் பசியில் வாடியபோது உணவு உரிமை வழக்கு தொடங்கியது. அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று, அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் சமைத்த மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. காமராசர் மதிய உணவுத் திட்டத்தை 1956-ல் தொடங்கி வைத்தது இதே கரிசல் காட்டு எட்டயபுரத்தில்தான். இங்கே திட்டமாகப் பிறந்தது, 45 ஆண்டுக்குப் பிறகு நாடு முழுவதும் உரிமையானது.

பின்னர் நாடாளுமன்றமே சட்டங்களை இயற்றியது. 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பங்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ, அந்தியோதயா குடும்பத்துக்கு 35 கிலோ என்று எழுதியது. 2005-ன் ஊரக வேலை உறுதிச் சட்டம் குடும்பத்துக்கு ஆண்டில் 100 நாள் வேலை என்றது. கேட்ட 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் முதல் 30 நாளுக்குக் கூலியில் குறைந்தது கால் பங்கும், அதற்குமேல் பாதியும் வேலையின்மைப் படி தர வேண்டும் என்றது. 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த 336 ரூபாய் கூலிக்கு, கால் பங்கு என்பது நாளுக்கு 84 ரூபாய்.

தென்னாப்பிரிக்காவில் இப்படி ஒரு வேலை உறுதிச் சட்டம் இல்லை. அங்கே 2004-ல் தொடங்கிய பொதுப்பணி வேலைவாய்ப்பு ஒரு திட்டம் மட்டுமே. மாறாக, முதியோருக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் தரும் உதவித்தொகை அங்கே சட்டப்படியானது. நம் முதியோர் உதவித்தொகையில் 60 முதல் 79 வயது வரையுள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு பல ஆண்டுகளாக 200 ரூபாயிலேயே நிற்கிறது. மீதியை மாநிலம்தான் போடுகிறது.

ஆக, எண்ணும் கெடுவும் எழுதிய சட்டத்தை ஏழை எளிதாகப் பிடித்துக் கேட்கலாம். அதற்கு வக்கீல் தேவையில்லை. மனுவும் தேதியும் போதும்.

சட்டத்தால் வந்தது சட்டத்தால் மாறும்

நம் வழியிலும் ஒரு பலவீனம் உண்டு. நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் இயற்றிய சட்டத்தை அதே பெரும்பான்மையில் மாற்றலாம். தென்னாப்பிரிக்காவில் அடிப்படை உரிமையைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களோடு, ஒன்பது மாகாணங்களில் ஆறின் ஒப்புதலும் வேண்டும்.

2025 டிசம்பரில் இது கண்ணெதிரே நடந்தது. 2005 சட்டத்துக்குப் பதிலாக 'விபி-ஜி ராம் ஜி' என்ற புதிய சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. வேலை நாள் 125 ஆனது. முன்பு உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசு ஏற்றது. இனித் தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் செலவில் 40 சதவீதம் ஏற்க வேண்டும். மாநிலத்துக்கு இவ்வளவுதான் என்று மத்திய அரசு நிர்ணயித்த தொகையைத் தாண்டினால் அந்தச் செலவும் மாநிலத்தின் தலையில். 'உள்ள வசதிக்குள்' என்ற தென்னாப்பிரிக்க வரியின் பக்கம் நம் சட்டமும் நகர்ந்திருக்கிறது.

விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள் வரை இந்த வேலையை நிறுத்தி வைக்கவும் புதிய சட்டம் வழி செய்கிறது. களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பும் சிறு விவசாயிக்கு இது ஆறுதல். காணி நிலமில்லாத கூலிக்கு அது கவலை. கரிசலில் ஆள் தேவை புரட்டாசி முதல் கார்த்திகை வரை. கை சும்மா இருப்பது சித்திரை முதல் ஆடி வரை. நெல் விளையும் பகுதியின் கணக்கு இங்கே ஒத்துவராது. எந்த மாதங்களில் வேலை வேண்டும் என்பதைக் கிராம சபையில் தீர்மானமாகப் பதிவு செய்துவைப்பது விவசாயிக்கும் நல்லது, கூலிக்கும் நல்லது.

வாசகர்கள் கேட்பவை

வேலை வேண்டும் என்று ஊராட்சியில் வாயால் கேட்டால் போதாதா?
போதாது. வேலையின்மைப் படிக்கான 15 நாள் கணக்கு, விண்ணப்பத் தேதியிலிருந்து ஓடும். தேதியே இல்லையென்றால் கணக்கும் இல்லை. எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஊராட்சியில் வாங்க மறுத்தால் வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நாலைந்து குடும்பம் சேர்ந்து கொடுத்தால் இன்னும் வலு.

ரேஷன் பொருள் தராமல் இழுத்தடித்தால்?
உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைதீர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும். அவருக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். அவர் முடிவு திருப்தி இல்லையென்றால் மாநில உணவு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.

மகளிர் உரிமைத் தொகை, பி.எம். கிசான் ஆகியவையும் சட்ட உரிமையா?
இல்லை. பெயரில் 'உரிமை' இருந்தாலும் மகளிர் உரிமைத் தொகை அரசாணையால் நடக்கும் திட்டம். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசானும் திட்டம்தான். தகுதி இருந்தும் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அரசு திட்டத்தையே நிறுத்தினால், 'சட்டப்படி கொடு' என்று கேட்க இடமில்லை.

பயிர்க் காப்பீடு?
2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீடும் தனிச் சட்டத்தால் வந்ததல்ல. ஆனால் பிரீமியம் கட்டியதும் அது ஒப்பந்தமாகிறது. நீங்கள் நுகர்வோர் ஆகிறீர்கள். சேவையில் குறை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பிரீமியம் ரசீது, அடங்கல், விதைப்புச் சான்று, வங்கிப் புத்தக நகல் ஆகிய நான்கையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.